பெட்டியில் இருந்த கேதம்

எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுச்சுவர் ஒன்று, இண்டர்நெட் இணைப்பும் ஒன்று. கிழக்குப் பாதியில் நானும் என் மனைவியும் இருக்கிறோம். மேற்குப் பாதியில் தம்பி, தம்பி மனைவி, அவர்களுடைய ஒரே மகள், எங்கள் அம்மா. அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகிற ரோட்டில் இறங்கி, உள்ளே மூன்று கிலோமீட்டர் வந்தால் எங்கள் ஊர். போன் சிக்னல் ஊருக்குள் சுமாராக இருக்கும். கண்மாய்க்கரையைத் தாண்டினால் சுத்தமாகக் கிடையாது.

ரவுட்டர் என் பக்கத்துக் கூடத்தில், சுவரில் அடித்த பலகைமேல் இருக்கிறது. அதன் முதுகில் ஒரு யூஎஸ்பி துளை உண்டு. அதில் ஒரு ஹார்ட் டிஸ்கைச் சொருகி, இரண்டு வீட்டு டிவியிலும் லேப்டாப்பிலும் போனிலும் திறக்கிற மாதிரி செய்து வைத்தவன் நான்தான். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. எனக்குத் தெரிந்த தொழிலே அதுதான். பதினோரு வருடம் வளைகுடாவில் அடுக்குமாடிக் கட்டடங்களுக்கு நெட் கேபிளும் கேமராவும் இழுத்தேன். இப்போது அருப்புக்கோட்டையில் ஒரு கடையில் அதே வேலையைச் செய்கிறேன். வீட்டில் ஒரு பெட்டியை ஒழுங்காக மாட்டத் தெரியாதவன் என்று என்னை யாரும் சொல்ல முடியாது. அதனால்தான் நடந்ததை எழுதும்போது கை கொஞ்சம் கூசுகிறது.

அந்த ஹார்ட் டிஸ்க்கில் எங்கள் குடும்பத்து விசேஷங்கள் எல்லாம் இருந்தன. தம்பி கல்யாணம், அவன் மகள் காதுகுத்து, சடங்கு, குலசாமி கோவில் பொங்கல், புதுவீடு பால்காய்ச்சியது. கடைசியாக அப்பாவின் கேதம். எங்கள் பக்கத்தில் சாவு என்று சொல்ல மாட்டோம், கேதம் என்போம். கல்யாணத்துக்கு எடுக்கிற மாதிரியே கேதத்துக்கும் வீடியோ எடுப்பது பத்துப் பதினைந்து வருடமாக வழக்கமாகிவிட்டது. ஐஸ் பெட்டி வந்து இறங்குவதிலிருந்து சுடுகாட்டில் கொள்ளி வைப்பது வரைக்கும் எடுப்பார்கள். அப்பாவுடையது மொத்தம் நாலு மணி நேரம் பத்து நிமிடம். அந்த நேரக் கணக்கு எனக்கு எப்படித் தெரியும் என்றால், கோப்பின் மேல் அப்படித்தான் போட்டிருந்தது. திறந்து பார்த்ததில்லை.

அப்பா இறந்த அன்று நான் வளைகுடாவில், பாதி கட்டி நின்ற ஒரு கட்டடத்தில் இருந்தேன். காலையில் டீ குடித்துவிட்டுத் திரும்பியவர் கட்டிலில் உட்கார்ந்தார், அவ்வளவுதான் என்று தம்பி சொன்னான். சொல்லிவிட்டு, "அண்ணே, நீ வர்றியா, ஐஸ் பெட்டியில போட்டு வைக்கவா?" என்று கேட்டான். என் பாஸ்போர்ட் கம்பெனியில் இருந்தது. விசா புதுப்பிக்கப் போயிருந்தது, எப்போது வரும் என்று கேட்டால் கைவிரித்தார்கள். நல்ல சித்திரை வெயில் ஊரில். இரண்டு நாளா மூன்று நாளா என்று என்னால் சொல்ல முடியவில்லை. "வேண்டாம், இன்னைக்கே தூக்கிருங்க" என்று சொல்லிவிட்டேன். அதைச் சொன்ன குரல் இன்னும் எனக்குக் கேட்கிறது. கேபிள் எத்தனை மீட்டர் வேண்டும் என்று கேட்டால் பதில் சொல்கிற அதே குரல்.

மூத்தவன் நான் வைக்க வேண்டிய கொள்ளியைத் தம்பி வைத்தான். சித்தப்பா மகன் தன் போனில் என்னைக் கூப்பிட்டு, காட்டிக்கொண்டே வந்தான். மூன்றாவது மாடிப் படிக்கட்டில் மட்டும்தான் எனக்கு நெட் கிடைத்தது. அங்கே ஹெல்மெட்டோடு நின்றேன். படம் கட்டம் கட்டமாக உடைந்து உடைந்து வந்தது. பந்தல் தெரிந்தது, ஆட்கள் முதுகு தெரிந்தது, மாலை தெரிந்தது. ஊர்வலம் கண்மாய்க்கரை ஏறியதும் அறுந்துபோனது. கீழே இறங்கிப் போய், விட்ட இடத்திலிருந்து கேபிள் இழுத்தேன். மேஸ்திரி ஒரு மலையாளி. விஷயம் தெரிந்து, போய்ப் படு என்றார். படுத்து என்ன செய்வது என்று தோன்றியது. எனக்கு அழுகை வரவில்லை. வந்திருந்தால் தேவலை என்று அப்போதும் நினைத்தேன்.

அதற்கு முந்தைய லீவு முடிந்து நான் கிளம்பியபோது அப்பா என்னை வழியனுப்ப வரவில்லை. அவர் அப்படித்தான். யார் ஊருக்குப் போனாலும் அந்த நேரம் பார்த்து ஆட்டுக்குக் குழை ஒடிக்கப் போய்விடுவார். காரில் ஏறி உட்கார்ந்து திரும்பிப் பார்த்தபோது, வேலி ஓரத்தில் குனிந்திருந்த அவர் முதுகு தெரிந்தது. அதுதான் நான் கடைசியாகப் பார்த்தது. அப்பாவின் முகத்தைக் கடைசியாக ஒருமுறை பார்க்க எனக்கு மிச்சமிருந்த ஒரே வழி அந்த நாலு மணி நேர வீடியோதான். அது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டே பார்க்காமல் இருந்தேன்.

எட்டு மாதம் கழித்து, போதும் என்று ஒரேயடியாகத் திரும்பி வந்தேன். வந்த மறுநாளே அந்த ஹார்ட் டிஸ்க்கை வைத்து வீட்டில் சண்டை. அம்மாவுக்கு மத்தியானம் கேத வீடியோ பார்க்க வேண்டும். தம்பி மகள் அருப்புக்கோட்டையில் கல்லூரி கடைசி வருடம் படித்தாள், அவளுக்குப் படிப்பு சம்பந்தமாக அதில் என்னென்னவோ போட்டு வைக்க வேண்டும். தம்பி மனைவிக்குத் தன் கல்யாண வீடியோவைப் பக்கத்து வீட்டுக்காரிக்குக் காட்ட வேண்டும். பிடுங்கிச் சொருகி, பிடுங்கிச் சொருகி அந்த வயர் முனை ஆட்டம் கண்டுவிட்டது. இப்படியே போனால் டிஸ்க் செத்துவிடும் என்று சொல்லி, ரவுட்டரோடு சேர்த்துவிட்டேன்.

முதலில் ரவுட்டரில் நேராகச் சொருகினேன். இரண்டு நிமிடம் சுற்றிவிட்டு டிஸ்க் படுத்துக்கொண்டது. ரவுட்டர் தருகிற கரண்டு அதற்குப் போதவில்லை. நடுவில் தனி கரண்டு எடுக்கிற ஒரு ஹப்பை வைத்தேன். கரண்டு போய்ப் போய் வருகிற ஊர் என்பதால் அத்தனைக்கும் ஒரு சின்ன பேட்டரி. தம்பி வீட்டு டிவி வரைக்கும் வைஃபை சரியாக எட்டவில்லை, நடுச்சுவரில் ஒரு துளை போட்டு கேபிள் இழுத்தேன். செவ்வாய்க்கிழமை சுவரைக் குடையாதே என்று அம்மா தடுத்ததால் புதன்கிழமை போட்டேன். டிவியில் 'வீடு' என்ற பெயரில் அது தெரிந்தபோது எல்லோருக்கும் சந்தோஷம். அன்றிலிருந்து அது எங்களுக்குப் பெட்டி.

பாஸ்வேர்ட் வைக்கவில்லை. யார் வேண்டுமானாலும் திறக்கலாம், போடலாம், அழிக்கலாம். பார்க்க மட்டும் விடுவது, அழிக்க விடாமல் பூட்டுவது, அதெல்லாம் இரண்டு தட்டு தட்டினால் முடிகிற வேலை. கடைகளுக்குப் போனால் முதலாளிமாருக்கு இதையெல்லாம் வகுப்பெடுப்பேன். ஒரே இடத்தில் வைக்காதீர்கள், இரண்டு பிரதி வையுங்கள் என்பேன். வீட்டில் யாருக்குப் பாஸ்வேர்ட் சொல்லிக் கொடுத்து மாய்வது என்று விட்டுவிட்டேன். அதோடு நிற்கவில்லை. போன் நிரம்பிவிட்டது என்று யார் வந்தாலும், "எல்லாம் பெட்டியில இருக்கு, போன்ல இருக்குறத அழிச்சிருங்க" என்று நானே சொல்லி அழிக்க வைத்தேன். சித்தப்பா மகன் போனில் இருந்த கேதத்துப் படங்களையும் அப்படித்தான் பெட்டிக்கு மாற்றிவிட்டு அவன் போனைத் துடைத்துக் கொடுத்தேன்.

அம்மா தினமும் சாப்பிட்டு முடித்து இரண்டு மணிக்குக் கேத வீடியோவைப் போடச் சொல்வாள். பார்ப்பவர்களுக்கு அது என்னவோ போல் இருக்கும். அம்மா அழுவதற்காகப் பார்க்கவில்லை. யார் யார் வந்தார்கள் என்று பார்ப்பாள். எங்கள் பக்கத்தில் அது பெரிய விஷயம். நம் வீட்டுக் கேதத்துக்கு வந்தவர்கள் வீட்டில் ஒன்று என்றால் நாம் போயே ஆக வேண்டும். நம் வீட்டு விசேஷத்துக்கு அவர்களை விட்டுவிடக் கூடாது. கல்யாணத்துக்கு வராதவனை மன்னித்துவிடுவார்கள். கேதத்துக்கு வந்தவனை மறந்தால் அது ஏழு தலைமுறைக்கும் பேச்சு. அன்றைக்குத் துக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாவுக்கு யார் முகமும் மனதில் நிற்கவில்லை. அதனால் இப்போது பார்த்தாள்.

"அந்தா நிக்கிறாக பாரு, வீரசோழன் பாய். ஒங்கப்பாவோட மில்லுல வேல பாத்தவுக. வெயில்ல குட கூட இல்லாம வந்திருக்காக" என்பாள். "காரியாபட்டி மதினிய இன்னும் காணமே. பெறகால வந்தாகளோ" என்பாள்.

தம்பி மகள் பக்கத்தில் ஒரு நோட்டோடு உட்கார்ந்து எழுதுவாள். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எழுதியதைத் திரும்ப வாசிக்கச் சொல்லி, சரி என்ற பிறகுதான் அடுத்த ஆளுக்குப் போவாள். ஒரு நாளைக்குப் பத்து நிமிட வீடியோதான் நகரும். சில முகங்களை நிறுத்தி வைத்துக்கொண்டு இரண்டு பேரும் அரை மணி நேரம் வாதாடுவார்கள்.

அந்த நேரத்தில் நான் வீட்டில் இருந்தால் சத்தம் மட்டும் சுவர் வழியாக வரும். கொட்டு, பெரியம்மாவின் ஒப்பாரி, நீர்மாலைக்குத் தண்ணீர் எடுக்கப் போகிறவர்களை யாரோ அதட்டுவது, பிறகு சங்கு. பார்க்காமலே எனக்கு வரிசை மனப்பாடம் ஆகிவிட்டது. சங்கு ஊதப் போகிறது என்று தெரிந்ததும் பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். பயமா என்றால் பயமில்லை. ஒன்றுமே தோன்றவில்லை என்பதுதான் உண்மை. ஒன்றும் தோன்றாமல் அந்த முகத்தைப் பார்ப்பது தப்பு என்று பட்டது. என்றைக்காவது மனசு இளகும், அன்றைக்கு உட்கார்ந்து முழுதாகப் பார்க்கலாம், பெட்டியில்தானே இருக்கிறது என்று ஒன்றரை வருடம் ஓட்டினேன். வீட்டில் யாரும் என்னைக் கேட்கவில்லை. பெட்டியை மாட்டியவனே நான், எத்தனையோ தடவை பார்த்திருப்பேன் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

பிறகு தம்பி மகளுக்குக் கல்யாணம் கூடி வந்தது. மாப்பிள்ளைக்கு மதுரையில் வேலை, காரியாபட்டியிலிருந்து போய் வருகிறார். பத்திரிக்கை அடித்ததும் அம்மா நோட்டை எடுக்கச் சொன்னாள். கேதத்துக்கு வந்தவர்கள் பட்டியல் முடிந்திருந்தது. முதல் சுற்றுப் பத்திரிக்கை அந்தப் பட்டியலில் இருப்பவர்களுக்கு என்று ஏற்பாடு. தம்பி, தம்பி மனைவி, நான் மூன்று பேரும் காரில் ஊர் ஊராகச் சுற்றினோம்.

அதில் எனக்கு ஒரு வருத்தம் நேர்ந்தது. ஒரு நாள் காலையில் தம்பியும் அவன் மனைவியும் என் வீட்டுக்கு வந்து, தட்டில் வெற்றிலை பாக்கு பழத்தோடு பத்திரிக்கை வைத்து நீட்டினார்கள். வெளியாளுக்கு வைப்பது போல. அழைக்கிறவர்கள் வரிசையில் என் பெயர் அந்தப் பத்திரிக்கையிலேயே அச்சாகியிருக்கிறது. எனக்கே எதற்கு ஒன்று?

"என்னடா இது?" என்றேன்.

தம்பி தலையைச் சொறிந்தான். "அம்மா வைக்கச் சொல்லுச்சுண்ணே. வாங்கிக்க. எனக்குத் தெரியாது."

பதினோரு வருடம் வெளியே இருந்தவன், அப்பாவுக்குக் கொள்ளி வைக்க வராதவன், வெளியாள்தான் என்று அம்மா சொல்லிக் காட்டுகிறாள் என்று எடுத்துக்கொண்டேன். வாங்கி ரவுட்டர் பலகைமேல் சொருகி வைத்தேன். அம்மாவிடம் ஏன் என்று கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்வாளே என்ற தயக்கம்.

முகூர்த்தக்கால் ஊன்றுவதற்கு இரண்டு நாள் முன்பு, நான் வாசலில் ஏணிமேல் நின்று சீரியல் லைட் கட்டிக்கொண்டிருந்தேன். தம்பி மனைவி கீழே வந்து நின்றாள். அவள் பேசத் தொடங்கினால் நேரடியாக விஷயத்துக்கு வர மாட்டாள், நாலு தெரு சுற்றித்தான் வருவாள். பந்தல்காரன் வரவில்லை, சமையல்காரர் எண்ணெய் கேட்கிறார், மாப்பிள்ளை வீட்டார் ஐம்பது பேர் கூட வருவார்கள் போலிருக்கிறது என்று சொல்லிக்கொண்டே போனாள். என் வாயில் இன்சுலேஷன் டேப் இருந்தது. கடைசியில் சொன்னாள்: "மச்சான், பெட்டியில அந்தக் கேதமும் கெடக்கு. நல்ல காரியம் நடக்கப் போற வீட்டுல, கல்யாணப் படத்தோட ஒண்ணா அது இருக்கக் கூடாதாம். அழிச்சிரவா? அதான் எல்லாத்தையும் எழுதியாச்சுல்ல."

நான் "ம்" என்றேன்.

அந்த "ம்" நன்றாக நினைவிருக்கிறது. எந்த வார்த்தைக்கு அதைச் சொன்னேன் என்பது நினைவில்லை. எண்ணெய்க்குச் சொன்னேனா, ஐம்பது பேருக்குச் சொன்னேனா, கைக்குள் இருந்த வயருக்குச் சொன்னேனா என்று எத்தனையோ தடவை யோசித்துவிட்டேன். காதில் விழவில்லை என்று சொன்னால் அது பொய். விழுந்தது. உள்ளே போகவில்லை. இரண்டு வருடமாக எல்லாமே எனக்கு அப்படித்தான் விழுந்துகொண்டிருந்தது.

அவள் உள்ளே போனாள். கல்யாணப் பெண் கேத சமாச்சாரத்தைத் தொடக் கூடாது என்பதால் மகளை அழிக்க விடவில்லை. வேறு ஏதோ ஒரு கோப்பை வைத்து எப்படி அழிப்பது என்று மகளிடம் காட்டச் சொல்லிக் கற்றுக்கொண்டாள். பிறகு மகளை அடுத்த அறைக்கு அனுப்பிவிட்டு, லேப்டாப்பில் தன் கையாலேயே அந்தக் கேத ஃபோல்டர் மொத்தத்தையும் அழித்தாள். அழித்துவிட்டுப் போய்த் தலைக்குக் குளித்தாள். சுடுகாட்டுக்குப் போய் வந்தவர்கள் குளிப்பது போல. நடுப்பகலில் ஏன் ஈரத்தலையோடு வருகிறாள் என்று ஏணிமேல் நின்று பார்த்ததும் நினைவிருக்கிறது. இடம் காலியானதும் தம்பி மகள் கல்யாணத்துக்கு முந்தி எடுக்கிற போட்டோ வீடியோவையெல்லாம், ஸ்டுடியோக்காரர் கொடுத்தது கொடுத்தபடி, பெட்டியில் கொட்டினாள்.

கல்யாணம் நன்றாக நடந்தது. கேதத்துக்கு வந்தவர்களில் ஏறக்குறைய எல்லோரும் வந்தார்கள். வீரசோழன் பாய், மகன் கையைப் பிடித்துக்கொண்டு வந்து, சாப்பிட்டுவிட்டு என் தோளில் தட்டி, "ஒங்கத்தா இருந்திருந்தா இன்னைக்குத் தரையில நிக்க மாட்டாரு" என்றார். அத்தா என்றால் அவர்கள் வழக்கில் அப்பா. எத்தனையோ நாளுக்குப் பிறகு எனக்குள் ஏதோ ஒன்று நகர்ந்ததே என்று ஆச்சரியமாகக்கூட இருந்தது.

கல்யாணம் முடிந்த மூன்றாம் நாள் எல்லோரும் மறுவீட்டுக்குக் காரியாபட்டி போனார்கள். உடம்பு அசதி என்று நான் போகவில்லை. அசதி இல்லை. அன்றைக்குப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். காலை பதினொரு மணி. வாசல் கதவைச் சாத்தினேன். பந்தல் பிரிக்கிற சத்தம் கேட்டது. ஒரு சொம்புத் தண்ணீரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, டிவி முன்னால் தரையில் உட்கார்ந்து 'வீடு' என்பதைத் திறந்தேன். காதுகுத்து இருந்தது, சடங்கு இருந்தது, பால்காய்ச்சியது இருந்தது, புதிதாகக் கல்யாணம் இருந்தது. அப்பா இல்லை.

டிவியை அணைத்துப் போட்டேன். ரவுட்டரை அணைத்துப் போட்டேன். டிஸ்கைப் பிடுங்கி லேப்டாப்பில் நேராகச் சொருகினேன். நெட் வழியாக அழித்தது குப்பைத்தொட்டிக்குப் போகாது, ஒரேயடியாகப் போய்விடும். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் குப்பைத்தொட்டியைத் திறந்து பார்த்தேன். அப்போதுதான் ஏணியும் ஈரத்தலையும் அந்த "ம்"மும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன.

சாயங்காலம் தம்பி மனைவி திரும்பி வந்ததும் கேட்டேன். நான் குரலை உயர்த்தவில்லை. அவள் முகம்தான் வெளிறிப்போனது. "ஒங்கள்ட்ட கேட்டுத்தான மச்சான் செஞ்சேன். நீங்கதான் ம்ன்னீக" என்றாள்.

"ஆமா" என்றேன்.

"நீங்க பாக்கவே இல்லையா?"

"இல்ல."

அவள் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். அவள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மறுநாள் அருப்புக்கோட்டையில் கேத வீடியோ எடுத்த ஸ்டுடியோவுக்குப் போனேன். ஆறு மாதத்துக்கு மேல் எதையும் வைத்துக்கொள்வதில்லை என்றார்கள். தப்பே இல்லை, அவர்களுக்கும் இடம் வேண்டும். சித்தப்பா மகன் போனில் நான் துடைத்துக் கொடுத்த பிறகு கேதத்துப் படம் ஒன்றும் மிச்சமில்லை. பிறகு கடையில் ஒரு கம்ப்யூட்டரில் டிஸ்கை மாட்டி, அழிந்ததை மீட்கிற சாப்ட்வேரை ஓட விட்டேன். நான்கு நாள் ஓடியது. வாடிக்கையாளர்களுக்கு இந்த வேலையை நான் செய்து கொடுத்திருக்கிறேன். அழித்தவுடன் கொண்டு வந்தால் கிடைக்கும், அதன்மேல் வேறு எதையாவது கொட்டினால் கிடைக்காது என்று அவர்களிடம் சொல்லியிருக்கிறேன். இதன்மேல் ஒரு முழுக் கல்யாணத்தைக் கொட்டியிருந்தோம்.

வந்தவை எல்லாம் திறக்காத துண்டுகள். நூற்றுக்கணக்கில் பார்த்து ஒவ்வொன்றாகத் தள்ளினேன். நாலாம் நாள் ஒன்று திறந்தது. நாற்பது வினாடி.

பந்தலுக்குக் கீழே ஐஸ் பெட்டியின் ஓரம். பெண்களின் முதுகுகள், பச்சை நிற பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று. சித்தப்பா மகன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வருகிறான், கையில் போனைத் தூக்கிப் பிடித்திருக்கிறான். வீடியோ எடுக்கிறவர் அவன் பின்னாலேயே வருகிறார். போன் திரையில் மஞ்சள் ஹெல்மெட் போட்ட ஒருவன். அது நான்தான் என்று தெரிய எனக்கு இரண்டு மூன்று வினாடி ஆனது. கொட்டுச் சத்தத்துக்கு நடுவில் போனிலிருந்து மெலிதாக என் குரல் வருகிறது: "சரியாத் தெரியலடா, இன்னும் கிட்டக் கொண்டு போ. மொகத்தக் காட்டு." அவன் போனைக் கிட்டக் கொண்டு போகிறான். இன்னும் கிட்ட. வீடியோக்காரர் இருந்த இடத்திலிருந்து பார்க்கும்போது அப்பாவின் முகம் இருக்க வேண்டிய இடத்தை அந்தப் போன் முழுதாக மறைத்துவிட்டது. அதோடு துண்டு முடிகிறது.

முகத்தைக் காட்டு என்று நான் கேட்டதே எனக்கு நினைவில் இல்லை. மரம் மாதிரி நின்றேன் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

அதைப் பென்டிரைவில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டு வந்தேன். மத்தியானம் இரண்டு மணி. அம்மா பழக்கத்தில் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தாள், டிவி அணைந்திருந்தது. நடந்ததெல்லாம் அவளுக்குத் தெரியும், தம்பி மனைவி சொல்லியிருந்தாள். நான் நாற்பது வினாடியையும் போட்டுக் காட்டினேன். அம்மா ஆச்சரியப்படவில்லை.

"இது நீ வந்த எடம்" என்றாள்.

"எங்கம்மா வந்தேன். நான் வரல."

"இந்தா வந்துக்கிட்டு இருக்கியேய்யா. எத்தன தடவ பாத்திருக்கேன். இதப் பாத்துத்தான் ஒன்னையும் எழுதச் சொன்னேன். அந்த நோட்ட எடு."

நோட்டு அலமாரியில் பத்திரிக்கைக் கட்டுக்குக் கீழே இருந்தது. தம்பி மகளின் உருண்டைக் கையெழுத்து. ஊர் ஊராகப் பிரித்து, யார் வீட்டு ஆள், என்ன உறவு என்று எழுதியிருந்தாள். வீரசோழன் பாய், மில் கூட்டாளி. காரியாபட்டி மதினி, பிறகு வந்தது. ஆறாவது பக்கத்தில், இரண்டு பெயர்களுக்கு நடுவில் ஒரு வரி: பெரியப்பா, போனில். அதில் 'போனில்' என்பதன்மேல் மட்டும் ஒரு கோடு இழுத்து அடித்திருந்தது. பக்கத்தில் பத்திரிக்கை வைத்தாயிற்று என்பதற்கு அவள் போடுகிற சின்ன டிக்.

ரவுட்டர் பலகைமேல் நான் கோபத்தோடு சொருகி வைத்த பத்திரிக்கை இன்னும் அங்கேயே இருந்தது.

"இத ஏம்மா அடிச்சிருக்கு?" என்று கோட்டைக் காட்டினேன். அவளுக்கு எழுத்து தெரியாது, கோடு தெரியும்.

"அந்தப் புள்ள வாசிக்கையில போனுல, போனுலன்னா. நான்தான் அத அடிச்சிருன்னேன். வந்தவன வந்தான்னு எழுதாம, எதுல வந்தான்னு எழுதுவாகளாக்கும்."

நான் நோட்டை மூடவில்லை. அம்மாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். இரண்டு வருடமாக வராதது அப்போது வந்தது. அம்மா டிவியைப் பார்த்தபடியே, "இன்னொருக்காப் போடு" என்றாள்.